பெயர் சுட்டாமை

அகப்பாடல்களை நடத்தத் தொடங்கும் முதல் வகுப்பிலேயே மாணவிகளுக்குச் சொல்லிவிட வேண்டிய விதி ஒன்று உண்டு. அன்பின் ஐந்திணையைப் பாடும்போது எவருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்கிறது தொல்காப்பியம். அதனால்தான் அந்தப் பாடல்களில் தலைவி இருக்கிறாள், தோழி இருக்கிறாள், செவிலி இருக்கிறாள், பெயர்கள் இல்லை. ஊர் அலர் தூற்றுகிறது. அம்பல் தெருத்தெருவாகப் பரவுகிறது. அவள் யாரைச் சந்தித்தாள், எந்தப் புன்னை நிழலில் சந்தித்தாள் என்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் யார் என்பது மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

புறத்தில் நடைமுறை வேறு. அங்கே அரசனின் பெயர், அவன் குடி, அவன் எரித்த ஊர், அவன் கொடுத்தது, கொடுக்காமல் காலம் கடத்தியது எல்லாம் பெயரோடு சொல்லப்படும். பரிசில் நீட்டித்தவனைப் பெயர் சொல்லிப் பழித்த புலவர்கள் இருந்தார்கள். பெயரைச் சொல்லாவிட்டாலும் ஆளை அடையாளம் காட்டிவிட்டால் போதும், பாட்டு அகத்திலிருந்து புறத்துக்குப் போய்விடும் என்று உரையாசிரியர்கள் வாதிட்டிருக்கிறார்கள். நெடுநல்வாடையில் தலைவனின் பெயர் இல்லை. ஆனால் வேலின் தலையில் கட்டிய வேம்பு இருக்கிறது. வேம்பு பாண்டியனின் பூ. அந்த ஓர் அடையாளத்தால் அந்தப் பாட்டு புறமாகக் கருதப்பட்டது.

இந்த விதி பெண்களைக் காப்பாற்ற எழுதிய சட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. இது செய்யுள் மரபு. சங்க காலத்துப் பெண் ஒருத்திக்கு இதனால் ஊர்வாயிலிருந்து விடுதலை கிடைத்திருக்கும் என்றும் நினைக்கவில்லை. ஆனால் ஆளுகிறவரின் செயல் பெயரோடு வெளியே இருக்க வேண்டும், ஒருத்தியின் உடலும் உறவும் பெயரில்லாமல் இருக்கலாம் என்ற பாகுபாட்டை அளவுகோலாக எடுத்துக்கொண்டு, நம்மை ஆண்ட, ஆளுகிற அரசுகளின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்க முடியும். அப்படிப் புரட்டினால் ஏறத்தாழ 150 ஆண்டுகளாக இந்த விதி தலைகீழாகவே கடைப்பிடிக்கப்பட்டு வந்திருப்பது தெரிகிறது.

*

1868இல் பிரிட்டிஷ் இந்திய அரசு தொற்றுநோய்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. பெயரைப் பார்த்தால் காலராவுக்கோ அம்மைக்கோ உரியது என்று தோன்றும். அது பால்வினை நோய்களுக்கான சட்டம். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1864இன் கண்டோன்மென்ட் சட்டம் படைமுகாம்களில் இதே வேலையைத் தொடங்கியிருந்தது. வெள்ளைச் சிப்பாய்களில் பலர் மேகநோயால் படுக்கையில் விழுந்தார்கள். படையின் பலம் குறைந்தது. அதற்கு அரசு கண்ட மருந்து, சிப்பாய்கள் செல்லும் பெண்களைப் பதிவு செய்வது.

பதிவு செய்யப்பட்ட பெண்ணுக்குச் சீட்டு ஒன்று தரப்படும். குறித்த நாளில் அவள் மருத்துவச் சோதனைக்கு வந்தாக வேண்டும். நோய் இருப்பதாகத் தெரிந்தால் ‘லாக் ஆஸ்பத்திரி’ எனப்பட்ட மருத்துவமனையில் வைக்கப்படுவாள். குணமாகிவிட்டது என்று மருத்துவர் சொல்லும்வரை வெளியே போக முடியாது. சோதனைக்கு வராவிட்டால் அபராதம் அல்லது சிறை. சென்னை மாகாணத்தில் பரங்கிமலை, திருச்சிராப்பள்ளி, நீலகிரியின் வெலிங்டன் முதலிய படை நிலையங்களில் இத்தகைய மருத்துவமனைகள் இருந்தன. அவற்றைப் பற்றிய ஆண்டறிக்கைகள் அச்சாகியிருக்கின்றன. எத்தனை பெண்கள் பதிவு செய்யப்பட்டார்கள், எத்தனை பேர் சோதனைக்கு வரவில்லை, எத்தனை பேர் தண்டிக்கப்பட்டார்கள் என்று அட்டவணைகள் போகின்றன. அவற்றோடு அதிகாரிகளின் முறையீடுகளும் வருகின்றன: பெண்கள் ஒளிந்துகொள்கிறார்கள், எல்லை தாண்டிப் போய்விடுகிறார்கள், பதிவுக்கு வர மறுக்கிறார்கள். அதிகாரிகள் இதை நிர்வாகச் சிக்கலாக எழுதினார்கள். நான் அதை அந்தப் பெண்கள் சொன்ன பதிலாகப் படிக்கிறேன். தங்கள் பேச்சு எழுதப்படாத இடத்தில் அவர்களால் முடிந்தது, வராமல் இருப்பதுதான்.

இந்தச் சட்டத்தின் முன்மாதிரி இங்கிலாந்தில் 1864இல் வந்தது. அங்கே சிப்பாய்களைச் சோதிக்கும் வழக்கம் முன்பே கைவிடப்பட்டிருந்தது. ஆண்களின் சுயமரியாதையை அது பாதிக்கிறது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பெண்ணுக்கு அப்படி ஒரு மரியாதை இருக்கக்கூடும் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. ஜோசஃபின் பட்லர் தலைமையில் இங்கிலாந்துப் பெண்கள் பல ஆண்டுகள் போராடியதன் விளைவாக 1886இல் அங்கே சட்டம் நீக்கப்பட்டது.

அதே 1886இன் ஜூன் 17ஆம் தேதி, சிம்லாவில் இருந்த படைத் தலைமையகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை புறப்பட்டது. தலைமைத் தளபதி ஃபிரெடெரிக் ராபர்ட்ஸின் கீழிருந்த குவார்ட்டர் மாஸ்டர் ஜெனரலின் அலுவலகம் அதை அனுப்பியது. ரெஜிமென்ட் பஜார்களில் போதிய எண்ணிக்கையில் பெண்கள் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் கவர்ச்சியானவர்களாக இருக்கும்படி கவனிக்க வேண்டும். அவர்களுக்குத் தக்க வீடுகள் தர வேண்டும் என்பது அதன் சாரம். பேரரசின் படை தன் சிப்பாய்களுக்காகப் பெண்களைத் தேடித் தரும் வேலையை எழுத்தில் ஒப்புக்கொண்ட காகிதம் அது. படை அலுவலகங்களுக்குள் மட்டுமே சுற்றுவதற்காக எழுதப்பட்டது. பெண்ணின் உடல் வாரந்தோறும், மாதந்தோறும் பதிவேட்டில் ஏறியது. அதை ஏற்பாடு செய்த உத்தரவு அலுவலக அலமாரிக்குள் இருந்தது.

அந்தக் காகிதம் 1888இல் இங்கிலாந்தில் வெளியாகிவிட்டது. ஆல்ஃபிரட் டயர் என்ற பதிப்பாளர் இந்தியா வந்து கண்டோன்மென்ட்களைப் பார்த்து எழுதியவையும் சேர்ந்து அங்கே பெரும் கொந்தளிப்பை உண்டாக்கின. 1888 ஜூனில் நாடாளுமன்றத்தின் கீழவை, பெண்களைக் கட்டாயமாகச் சோதிப்பதைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. இந்தியச் சட்டமும் அந்த ஆண்டே நீக்கப்பட்டது.

நீக்கப்பட்ட பிறகும் சோதனை நிற்கவில்லை. 1889இன் புதிய கண்டோன்மென்ட் சட்டத்தின் விதிகளில் வேறு பெயரில் அது தொடர்ந்தது. இதைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு அமெரிக்கப் பெண்கள். எலிசபெத் ஆண்ட்ரூ மதுவிலக்கு இயக்கத்தைச் சேர்ந்தவர். கேத்தரின் புஷ்னெல் அதே இயக்கத்தில் இருந்த மருத்துவர். பட்லரின் தூண்டுதலால் இந்தியா வந்த இவர்கள் 1891இன் இறுதியிலும் 1892இன் தொடக்கத்திலும் லக்னோ, மீரட், அம்பாலா, ராவல்பிண்டி, பெஷாவர் உள்ளிட்ட பத்துப் படை நிலையங்களுக்குப் போனார்கள். அரசு அறிக்கைகளைக் கேட்டு வாங்குவதற்கு முன் அவர்கள் செய்தது, அந்தப் பெண்களின் குடியிருப்புகளுக்கே போய் உட்கார்ந்து பேசியது. சோதனை எங்கே நடக்கிறது, யார் அழைத்துப் போகிறார்கள், மறுத்தால் என்ன நடக்கிறது என்று கேட்டு எழுதினார்கள். அவர்களுடைய சாட்சியம் 1893இல் லண்டனில் அரசுக் குழு ஒன்றின் முன் வைக்கப்பட்டபோது, ராபர்ட்ஸ் முதலில் மறுத்தார். இந்தியாவில் நடந்த அரசு விசாரணையும் அந்தப் பெண்கள் சொன்னதை உறுதிசெய்த பிறகு, அதே ஆண்டில் அவர் மன்னிப்புக் கேட்டார்.

பேரரசின் தலைமைத் தளபதி ஒருவரைப் பதில் சொல்ல வைத்தது இரண்டு பெண்களின் குறிப்பேடு. அதில் மதப்பிரச்சார நெடி உண்டு. வெள்ளைப் பெண்கள் ‘பாவப்பட்ட’ கீழைநாட்டுப் பெண்களை மீட்க வந்த தொனியும் உண்டு. அதைக் கண்டுகொள்ளாமல் படிக்க முடியாது. ஆனாலும் அவர்களுடைய எழுத்தும் படையின் எழுத்தும் ஒன்றல்ல. படையின் பதிவேடு பெண்ணைச் சுட்டி, உத்தரவிட்டவனை மறைத்தது. இவர்களுடைய குறிப்பேடு உத்தரவிட்டவனைத் தேடிப் போனது.

பெண்ணிய வரலாறு பெயர்களை மீட்கும் வரலாறு அல்லவா, அந்தப் பதிவேடுகள் எங்காவது கிடைத்தால் அந்தப் பெண்களின் பெயர்களை வெளியிட வேண்டாமா என்று மாணவிகள் கேட்பதுண்டு. எழுதிய பெண்ணின் பெயரை, போராடிய பெண்ணின் பெயரை, உழைத்த பெண்ணின் பெயரை மீட்பது நம் கடமை. ஆனால் அரசு ஒருத்தியின்மேல் ஒரு தலைப்பை ஒட்டி, அதன்கீழ் அவள் பெயரை எழுதி வைத்திருந்தால், அதே தலைப்பின்கீழ் மறுபடியும் அச்சிடுவதை மீட்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவள் அந்தப் பதிவேட்டிலிருந்து தப்பி ஓடப் பார்த்தவள். சுற்றறிக்கையை அனுப்பிய தளபதியின் பெயர் தெரிந்தால் போதும். அவள் பெயர் வேண்டாம்.

*

சுற்றறிக்கை அம்பலமான மறு ஆண்டு, 1889 அக்டோபரில், இந்தியாவுக்கு முதல் அலுவல் ரகசியச் சட்டம் வந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. இங்கிலாந்தில் அரசு எழுத்தர்கள் காகிதங்களைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்ததால் அங்கே அவ்வாண்டே ஒரு சட்டம் வந்திருந்தது. இங்கே காஷ்மீர் குறித்த அரசின் உள்நோக்கத்தைக் காட்டிய ரகசிய ஆவணம் ஒன்றை அமிர்த பஜார் பத்திரிகா வெளியிட்டிருந்தது. ஆனால் காலத்தின் போக்கு ஒன்றுதான். காகிதம் வெளியே போனால் ஆட்சி தலைகுனிய நேர்கிறது என்று அந்த ஆண்டுகளில் அரசு கற்றுக்கொண்டது. காகிதத்தில் எழுதப்பட்ட செயலை நிறுத்துவதைவிடக் காகிதத்தைப் பூட்டுவது எளிது. கர்சன் காலத்தில், 1904இல், சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. 1923இல் வந்த வடிவம் விடுதலைக்குப் பின்னும் நீக்கப்படவில்லை. இன்றும் அமலில் இருக்கிறது.

இந்த நீண்ட காலத்தில் குடிமக்களின் அந்தரங்கத்துக்கு அரசியல் சாசனத்தில் இடம் உண்டா என்பதே தெளிவாகவில்லை. 1954இலும் 1962இலும் உச்ச நீதிமன்றத்தின் பெரிய அமர்வுகள் அப்படியொரு உரிமை சாசனத்தில் இல்லை என்ற பொருளில் எழுதின. அரசுக்கு ரகசியம் உண்டு, குடிமகளுக்கு அந்தரங்கம் இல்லை என்பதே நிலை.

அந்த நிலை அன்றாட வாழ்வில் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு விண்ணப்பப் படிவம் சாட்சி. எல்.ஐ.சி. என்னும் அரசு நிறுவனத்தில் வேலைக்குச் சேரும் பெண்கள் ஓர் உறுதிமொழிப் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எந்தத் தேதியில் வந்தது, இப்போது கர்ப்பமா, கருச்சிதைவு நேர்ந்திருக்கிறதா என்றெல்லாம் அதில் கேள்விகள். டெல்லியில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், தகுதிகாண் காலத்தில் பிரசவ விடுப்பு எடுத்தார். படிவத்தில் தவறான தகவல் கொடுத்ததாகச் சொல்லி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் பணியில் சேர்க்கச் சொன்னது. அந்தக் கேள்விகள் பெண்ணைக் கூச வைப்பவை, இழிவுபடுத்துபவை என்று கண்டு, அவற்றைப் படிவத்திலிருந்து நீக்க உத்தரவிட்டது. பரங்கிமலையின் பதிவேட்டுக்கும் இந்தப் படிவத்துக்கும் இடையே ஒரு நூற்றாண்டு ஓடியிருந்தது. ஒரு பெண்ணின் ரத்தம் எந்தத் தேதியில் வந்தது என்று கோப்பில் எழுதி வைக்கும் உரிமை தனக்கு உண்டு என்ற எண்ணம் மட்டும் அப்படியே இருந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, அந்தரங்க உரிமையை 21ஆம் பிரிவின் பகுதியாக உச்ச நீதிமன்றம் விளக்கமாகப் பேசிய தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில் வந்தது. ஆட்டோ சங்கர் என்று அறியப்பட்ட கௌரி சங்கர், ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தபோது தன் வாழ்க்கையை எழுதினார். காவல்துறையிலும் ஆட்சிப்பணியிலும் இருந்த உயர் அதிகாரிகள் பலர் தன் தொழிலில் உடந்தையாக இருந்ததாக அதில் சொல்லியிருந்தார். நக்கீரன் இதழ் அதைத் தொடராக வெளியிடப்போவதாக அறிவித்தது. 1994 ஜூனில் சிறைத்துறைத் தலைவரிடமிருந்து இதழுக்குக் கடிதம் வந்தது: அது சங்கர் எழுதியதே அல்ல, வெளியிடக் கூடாது, மீறினால் நடவடிக்கை. இதழின் ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றம் போனார்.

1994 அக்டோபர் 7 அன்று வந்த தீர்ப்பை நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதினார். தன்னையும் தன் குடும்பத்தையும் திருமணத்தையும் தாய்மையையும் பற்றிய செய்திகளைக் காத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்றார். நீதிமன்ற ஆவணங்கள் போன்ற பொது ஆவணங்களில் உள்ளவற்றை வெளியிடத் தடையில்லை. ஆனால் பாலியல் வன்முறைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்ணின் பெயர் அதற்கு விலக்கு. அரசு அலுவலர் தம் அலுவலில் செய்தவற்றுக்கு அந்தரங்கத்தைக் காட்டித் தப்ப முடியாது. தன் அலுவலர்களுக்கு அவதூறு நேரும் என்று சொல்லி அரசு ஓர் எழுத்தை வெளிவருமுன்பே தடுக்கவும் முடியாது.

இந்தத் தீர்ப்பைப் பத்திரிகைச் சுதந்திரத் தீர்ப்பாகவே பெரும்பாலும் கொண்டாடுகிறார்கள். ஒரு பெண்ணாகப் படிக்கும்போது எனக்கு அதில் சங்கடமும் உண்டு. பேசியவன் பெண்களை விற்றவன். அவன் வாழ்க்கை தொடராக வரும்போது அந்தப் பெண்களின் வாழ்க்கையும் அவன் வாயிலிருந்தே வரும். அதனால்தான் அந்த ஒற்றை விலக்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதிகாரியின் பெயர் வெளியே வரலாம், அவள் பெயர் வரக் கூடாது என்று ஒரே தீர்ப்பு இரண்டையும் சேர்த்துச் சொன்னது. அகத்துக்கும் புறத்துக்கும் இடையிலான கோடு அங்கே நேராகப் போடப்பட்டது. அலுவல் ரகசியச் சட்டத்தை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. அது அப்படியே பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் என்றும் சொல்லி வைத்தது. பூட்டு உடையவில்லை.

*

பூட்டை அசைத்தவர்கள் ராஜஸ்தானின் கிராமத்துக் கூலிக்காரர்கள். அவர்களில் பாதிக்கு மேல் சொல்லத்தக்க பங்கு பெண்களுடையது. 1990இல் அமைந்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், வறட்சி நிவாரணப் பணிகளில் கூலி குறைத்துத் தரப்படுவதைக் கேட்கப் போனபோது, நீங்கள் செய்த வேலை பதிவேட்டில் இல்லை என்றார்கள் அதிகாரிகள். பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசு ரகசியம் என்றார்கள். 1994 டிசம்பரிலிருந்து ஊர் நடுவே பொது விசாரணைகள் நடந்தன. கிடைத்த வருகைப் பதிவேடுகளை உரக்கப் படித்தார்கள். செத்தவர் பெயரில் கூலி, ஊரை விட்டுப் போனவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் செலவு எல்லாம் வெளிவந்தன. 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா நடந்தது. ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்பது அங்கே எழுந்த முழக்கம். நான்காம் வகுப்புவரை படித்த ஒரு பெண், மகனைப் பத்து ரூபாயோடு கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேனே, என் பேரில் கோடிகளைச் செலவழிக்கிற அரசிடம் கேட்கக் கூடாதா என்று டெல்லியில் பத்திரிகையாளர்களிடம் சொன்னதை அருணா ராய் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். வீட்டுச் செலவை எழுதி வைக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அந்தக் கேள்வி புரியும்.

1997இல் தமிழ்நாடு இந்தியாவிலேயே முதல் மாநிலமாகத் தகவல் பெறும் உரிமைக்குச் சட்டம் இயற்றியது. விதிவிலக்குகள் நிறைந்த சட்டம் அது. 2005இல் நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. அதே ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், பணிகளைக் கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. நம் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களில் மிகப் பெரும்பான்மையினர் பெண்கள். யார் எத்தனை நாள் வேலை செய்தார்கள், யாருக்கு எவ்வளவு கூலி போனது என்ற பட்டியலில் அவர்கள் பெயர்தான் இருக்கிறது.

பெண்களின் பெயர் எழுதப்பட்ட பதிவேடு என்ற வகையில் கண்டோன்மென்ட் பதிவேடும் நூறு நாள் வேலைப் பதிவேடும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஒன்றில் பெயர் இருப்பதை எதிர்த்துவிட்டு மற்றதில் படிக்கச் சொல்வது முரண் அல்லவா என்றும் கேட்கலாம். முதலாவதைப் படித்தவர் அதிகாரி. படித்தது அவளைப் பிடிப்பதற்காக. இரண்டாவதைப் படிப்பவள் அவளே, அவளோடு மண்வெட்டி பிடித்தவர்கள். படிப்பது அதிகாரியைப் பிடிப்பதற்காக. ஒரு பெயர் வெளியே வரலாமா கூடாதா என்பதற்கு அந்தப் பெயரில் விடை இல்லை. யார் கையில் அதிகாரம் இருக்கிறது, யார் யாரிடம் கணக்குக் கேட்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

*

இந்த வேறுபாடு தெரியாதபோது என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு அண்மையில் இரண்டு முறை பார்த்தது. 2019 மார்ச்சில் பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில், புகார் கொடுத்த பெண்ணின் பெயரை மாவட்டக் காவல்துறையின் தலைமை அதிகாரியே பத்திரிகையாளர்கள் முன் சொன்னார். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் அவருடைய பெயரும், அண்ணன், கல்லூரி போன்ற அடையாளங்களும் அச்சாகியிருந்தன. பெயரை அழித்துவிட்டாலும் கல்லூரியும் அண்ணனும் போதும், வேலில் கட்டிய வேம்பு போல. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு அந்தப் பெண்ணுக்கு 25 லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை, அவரைப் பற்றிய விவரங்களோடு இணையத்தில் வெளியாகிப் பரவியது. அப்போதும் உயர் நீதிமன்றம் 25 லட்ச ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டது.

பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடுவது 1983 முதல் குற்றம். அதை அறியாதவர்கள் அல்ல அரசாணையைத் தட்டச்சு செய்தவர்களும் கையெழுத்திட்டவர்களும். ரகசியம் காக்கத் தெரியாத அரசு என்று இதைச் சொல்ல முடியாது. எந்தக் கோப்பின்மேல் ‘ரகசியம்’ என்று எழுத வேண்டும் என்பது அதற்கு நன்றாகத் தெரியும். ஒருத்தியின் பெயர் அந்த வகைக் கோப்பில் சேராது என்பதுதான் பழக்கம். புகார் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் வேறு எத்தனை பெண்களை அந்த இரண்டு காகிதங்களும் வீட்டிலேயே உட்கார வைத்திருக்கும் என்பதற்கு எந்த இழப்பீடும் கணக்குச் சொல்லாது.

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளின் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாக உறுதிசெய்தது. அந்தரங்கம் என்ற சொல்லைப் பெண்கள் ஐயத்தோடு பார்ப்பதற்குக் காரணம் உண்டு என்பதையும் அந்தத் தீர்ப்பு பேசியது. ‘வீட்டு விவகாரம்’ என்று சொல்லி அடிப்பவனைக் காப்பாற்றியது அதே சொல்தான். வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்கு அந்தரங்கம் மறைப்பாக முடியாது என்பதை ஏற்கச் செய்யப் பெண்கள் இயக்கங்கள் பல பத்தாண்டுகள் உழைத்திருக்கின்றன. வலியவர் கையில் அந்தரங்கம் என்ற சொல் சிக்கினால் அது ரகசியமாக மாறிவிடும் என்று முதலில் கற்றவர்கள் நாம்.

அலுவலகத்திலும் அதுவே நடக்கிறது. தகவல் சட்டத்தின் 8(1)(ஞ) பிரிவு பொதுப்பணியோடு தொடர்பில்லாத, ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றி நுழையும் தகவலைத் தர வேண்டியதில்லை என்றது. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்றும், சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாததைக் குடிமகளுக்கும் மறுக்க முடியாது என்றும் சேர்த்துச் சொன்னது. 2012இல் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர் ஒருவருக்குக் கொடுக்கப்பட்ட குறிப்பாணைகள், தண்டனைகள், சொத்து விவரம் முதலியவை அவருடைய சொந்தத் தகவல்கள் என்றது. 1994இல் போட்ட கோடு அங்கே வளைந்தது. ஆயினும் பொதுநலன் என்ற வாசல் திறந்திருந்தது. ஜீவனாம்ச வழக்கு நடத்திய ஒரு பெண்ணுக்குக் கணவனின் சம்பளம் என்ன என்று அறியும் உரிமை உண்டு என 2018இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் சொல்ல முடிந்தது.

2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 44(3) பிரிவின் மூலம் அந்த 8(1)(ஞ)வையே மாற்றி எழுதியது. நிபந்தனைகள் எல்லாம் போய், சொந்தத் தகவல் தொடர்பானது என்றால் தர வேண்டியதில்லை என்ற ஒற்றை வரி நிற்கிறது. பொதுநலன் கருதித் தரலாம் என்ற 8(2) பிரிவு வேறோர் இடத்தில் இன்னும் இருக்கிறது. ஆனால் மறுக்கும் அதிகாரிக்கு இப்போது வேலை சுலபம். ஒப்பந்தக்காரரின் பெயர், கையெழுத்திட்ட பொறியாளரின் பெயர், முதியோர் ஓய்வூதியப் பட்டியல், கூலிப் பட்டியல் எல்லாமே யாரோ ஒருவரின் சொந்தத் தகவல்தான். அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, மத்திய அரசு தன் அமைப்புகளுக்கு அந்தச் சட்டத்திலிருந்தே விலக்களித்துக்கொள்ள இடம் தருகிறது. குடிமகளின் தரவைக் காப்பதற்கென்று வந்த சட்டம், அவளுடைய தரவைத் திரட்டும் அரசைக் கட்டவிழ்த்துவிட்டு, அவள் அரசிடம் கேட்கும் கேள்வியைக் கட்டிப்போடுகிறது.

கோட்டைச் சரியாகப் போடுவது முடியாத காரியம் அல்ல. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013இல் வந்த சட்டத்தின் 16ஆம் பிரிவு, புகாரின் உள்ளடக்கத்தையும் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களையும் வெளியிடத் தடை செய்கிறது; தகவல் சட்டத்தைக் காட்டியும் கேட்க முடியாது. ஆனால் பாதிக்கப்பட்டவருக்கு என்ன நீதி கிடைத்தது என்பதை, அவரை அடையாளம் காட்டாமல் வெளியிடலாம் என்கிறது. எதிர்த்தரப்புக்கும் அது மறைப்புத் தருகிறது என்ற குறை எனக்கு உண்டு. இருந்தாலும் ஒருத்தியின் பெயரை உள்ளே வைத்துக்கொண்டு, நிறுவனத்தின் செயலை வெளியே கொண்டுவர முடியும் என்பதற்கு ஒரு சிறிய சட்ட வாசகம் அங்கே இருக்கிறது.

கண்டோன்மென்ட் அதிகாரிகளின் பெயரை நாம் அறிய நேர்ந்தது அரசு மனமுவந்து காட்டியதால் அல்ல. எங்கோ ஒருவர் காகிதத்தை வெளியே கொண்டுவந்தார். இரண்டு பெண்கள் குறிப்பேட்டோடு போய்க் கேட்டார்கள். தங்கள் பெயர் வெளியே வராது என்ற நம்பிக்கையில் சில பெண்கள் பேசினார்கள். இந்த மூன்றில் எது குறைந்தாலும் ராபர்ட்ஸ் மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டார். பேசுகிறவளுக்கு மறைவு வேண்டும், ஆளுகிறவருக்கு வெளிச்சம் வேண்டும் என்பதை இரண்டு தனித்தனிக் கோரிக்கைகளாக நாம் பிரித்துப் பேசி வருகிறோம். ஒன்றுக்குத் தனியுரிமை ஆர்வலர்கள், மற்றதற்குத் தகவல் உரிமை ஆர்வலர்கள் என்று மேடைகளும் பிரிந்திருக்கின்றன. பெண்களின் வரலாற்றில் அவை என்றும் ஒரே கோரிக்கையாகத்தான் இருந்திருக்கின்றன. அடுத்த முறை ஓர் அலுவலகத்தில் ‘அது தனிப்பட்ட தகவல், தர முடியாது’ என்று உங்களிடம் சொன்னால், யாருடைய தனிப்பட்ட தகவல் என்று கேளுங்கள். அந்த மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தவரின் பெயரும் பதவியும் அதில் இருக்கட்டும்.